மேற்கே பார்த்த பீரோ

பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், எங்கள் மேலக்கரிசல் ஊரில் அவர் கடையிலிருந்து கடனுக்கு வாங்கிப்போன சாமான்கள் அத்தனையும் கடை இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றன. கிழக்குத் தெரு டீச்சர் வீட்டில் பீரோ திரும்பி நின்றது, முடிவெட்டுகிற சுடலைமணியின் நாற்காலி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தது, தையற்கார மரியானின் மெஷின் மூலையிலிருந்து நகர்ந்து வந்து வாசலைப் பார்த்தது, போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டரின் மேசை அரைவட்டம் அடித்து நின்றதால் புகார் கொடுக்க வந்தவர்கள் ரைட்டரின் முதுகிடம் புகார் சொல்லவேண்டி வந்தது. முகம் இல்லாத குடமும் அண்டாவும் என்ன செய்யும், பாவம், கடைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துகொண்டன. யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. ஆள் போனால் கடன் போய்விடுமா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

அண்ணாச்சி பாத்திரக்கடை வைத்திருந்தார், கட்டில் பீரோ சோபாவும் விற்றார், ஆனால் யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு காகிதத்திலும் எழுதி வைத்தவரில்லை. எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. "கொண்டு போங்க, ஊரை விட்டு ஓடியா போகப் போறீக" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் யாவாரம் செய்தார், யாரும் ஓடவில்லை, அவர்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்காமல் போய்விட்டார். அந்தத் தலையோடு கணக்கும் எரிந்துபோனது என்று சில பேர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நாங்களும்தான் பட்டோம், அந்தச் சந்தோஷம் பதினாறு நாள் நிலைத்தது.

முதல் வாரம் சாமான்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். கயிறு போட்டுக் கட்டினார்கள், கால்களைச் சிமெண்டில் பதித்தார்கள், டீச்சர் தன் பீரோவுக்கு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டார். விடிந்தால் எல்லாம் பழையபடி கடையைப் பார்த்து நின்றன. பாதிப் பணம் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு, பாதிக்கு எதுவும் அசைந்து கொடுக்கவில்லை. முழுசாக அடைந்த அன்றைக்குத்தான் சாமான் தானாகத் தரையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துத் திரும்பும், அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். கேட்டவர்கள் நடந்துகொண்டே, "யார் வீட்டுல அடைஞ்சது?" என்று குரல் கொடுப்பார்கள், உள்ளேயிருந்து பெயர் சொல்லுவார்கள், போகிறவர் கையில் ஒரு கற்கண்டு விழும். இது எப்போது வழக்கமானது என்று கேட்டால் எங்களுக்கே சொல்லத் தெரியாது, ஒரு மாசத்துக்குள் இது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம் மாதிரி ஆகிவிட்டது.

மெல்ல மெல்ல ஊர் அதற்கேற்றபடி தன்னைத் திருப்பிக்கொண்டது. சுடலைமணி கண்ணாடியைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினான். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பீரோவைப் பார்த்தார்கள், மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படி வரைக்கும் போய் அண்டா சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து வந்தார்கள். வெளியூர்க்காரன் எவனாவது வந்து பாத்திரக்கடை எங்கே என்று கேட்டால், எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்றோம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், எங்கள் ஊரில் வாய்க்கு வேலையே இல்லாமல் போயிற்று, சாமானே சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் கடையைத் திறந்து உட்கார்ந்தவள் அண்ணாச்சியின் பெண்சாதி ராஜகனி. நாற்பத்தைந்து வயதிருக்கும், அதுவரைக்கும் கடைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு மட்டும் வந்துபோனவள், பிள்ளை இல்லை, கடைதான் இனிமேல் சோறு. அண்ணாச்சி ஊருக்குக் கடன் கொடுத்தது போலவே மதுரை மொத்தக்கடையில் அவரும் கடன் வைத்திருந்தார், ஆனால் மதுரைக்காரர்கள் தலைக்குள் எழுதுகிறவர்கள் இல்லை. ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வருகிற சித்திரை முதல் தேதிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் சரக்கோடு கடைச் சாவியையும் எடுத்துக்கொள்வோம் என்று நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் கூச்சத்துக்குப் பயந்து அடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அடைக்காத ஆள் அரிசி மில் கதிர்வேல்சாமி. பெரிய சோபா செட்டு அவர் வீட்டில் சுவரைப் பார்த்து நின்றது, வந்தவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் அவரோடு பேசினார்கள், அவருக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது. சட்டம் தெரிந்த ஆள். மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கடன் தானாகக் கழன்றுவிடும் என்று எண்ணிக்கொண்டே இருந்தவர், அந்த நாள் கழிந்த காலையில் சோபா திரும்புவதைப் பார்க்க வாருங்கள் என்று தெரிந்தவர்களை எல்லாம் காப்பிக்குக் கூப்பிட்டார். சோபா திரும்பவில்லை. வந்தவர்கள் சுவரைப் பார்த்தபடியே காப்பியைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

இந்தக் காப்பிக் கதை காதில் விழுந்துதான் ராஜகனி வக்கீல் சங்கரசுப்புவிடம் போனாள்.

"சோபாவ என்னைக்கும்மா அவர் வீட்டுல எறக்கினாக?" என்றார் வக்கீல்.

"மூணு வருசத்துக்கு முந்தி, பிப்ரவரி பத்து. வண்டியில ஏத்தும்போது நான்தான் சோறு கொண்டு போயிருந்தேன்."

"இன்னைக்குப் பதினாலு." வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நாலு நாள் முந்தி வந்திருந்தா போட்டுத் தாக்கியிருக்கலாம் தாயே. கடனுக்கு வித்த சரக்குக்குச் சரக்கு ஒப்படைச்ச நாள்ல இருந்து மூணு வருசம். அதுக்குள்ள கேஸ் போடணும். இல்லன்னா, பாக்கி உண்டுன்னு அவர் கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டாவது, பத்து ரூவா வரவு வச்சு அவர் கையால எழுதினதாவது இருக்கணும். அந்த நாள்ல இருந்து மறுபடி மூணு வருசம் ஓடும்."

"அப்ப கடன் செத்துப் போச்சா சார்?"

"கடன் சாகாது. கோர்ட்டுக் கதவுதான் சாத்திக்கிடும். கொடுக்கணும்கிறது அப்படியே இருக்கும், கேக்கத்தான் எடமிருக்காது."

சோபா ஏன் திரும்பவில்லை என்பது ராஜகனிக்கு அப்போது புரிந்தது. வக்கீலுக்கும் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவருடைய புத்தக அலமாரியும் கடைப் பக்கம் பார்த்துத்தான் நின்றது, அதன் பாக்கியை அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட்டு, அலமாரி திரும்பி அடங்கிய பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சரி. போனது போகட்டும். இதுக்கு அடுத்தாப்ல மூணு வருசம் முடியறது யாரோடது?"

ராஜகனிக்கு உடனே தெரிந்தது. அடுத்தது வடிவு என்கிறவளின் பாக்கி. அதுதான் இருப்பதிலேயே பெரியது. வடிவு தன் மகள் தங்கமாரியின் கல்யாணத்துக்குப் பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு என்று சீர்வரிசை மொத்தத்தையும் அண்ணாச்சியிடம்தான் எடுத்திருந்தாள். மார்ச் இருபத்திரண்டாம் தேதி சரக்கு இறங்கியது. இறங்கியது வடிவு வீட்டில் இல்லை, எட்டு மைல் கிழக்கே சிறுகுளத்தில், சம்பந்தி வீட்டில். அதனால் வடிவு வீட்டில் திரும்பி நிற்க எதுவும் இல்லை, ஊருக்கும் தெரியாது. அந்தப் பணம் வந்தால் மதுரைப் பாக்கி அடையும், வராவிட்டால் கடை போகும், கணக்கு அவ்வளவு சுருக்கம்.

வடிவு தீப்பெட்டி ஒட்டுகிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். அவள் வீட்டிலிருந்த மரச்சாமான் என்றால் சாய்மானம் வைத்த ஒரு குட்டை நாற்காலி, அதுவும் சந்தையில் கையில் காசு வைத்து வாங்கினது. கிழக்கு வாசலைப் பார்த்து அதில் உட்கார்ந்து பசைச் சட்டியை மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது ராஜகனி போய் நின்றாள். இரண்டு பேரும் ஒரே குழாயடியில் இருபது வருஷம் குடம் வைத்தவர்கள், சுற்றி வளைத்துப் பேசவேண்டிய அவசியமில்லை.

"ஒரு துண்டுச் சீட்டுல பாக்கி உண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு வடிவு. இன்னும் மூணு வருசம் மூச்சு வாங்கலாம். அந்தச் சீட்டக் காட்டி நான் மதுரைக்காரன்கிட்டத் தவண கேட்டுப் பாக்கேன்."

வடிவின் கை பசையில் நின்றுவிட்டது. "அக்கா, வேற எதுன்னாலும் போடுதேன். சீர்ச் சாமானுக்கா கையெழுத்துக் கேக்கீக?"

அது எங்கள் ஊர் வழக்கம், சொல்லிவிட வேண்டும். சீர்ச் சாமானுக்கு யாரும் கையெழுத்து வாங்குவதில்லை, போடுவதுமில்லை. வெற்றிலையில் ஒரு மஞ்சள் துண்டை வைத்துக் கடைக்காரர் கொடுப்பார், வாங்குகிறவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அதோடு சரி. கையெழுத்துப் போட்டால் பெண் திரும்பி வந்துவிடும். தெற்குத் தெருவில் ஒருத்தன் கெட்டிக்காரத்தனமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், மூன்றாம் மாசம் அவன் மகள் பெட்டியோடு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினாள், அதற்கு அவள் புருஷனின் குடி காரணம் என்று எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியும் ஊர் நம்பவில்லை. கொடுக்கல் வாங்கலில் எவ்வளவோ விவரமான நாங்கள் இந்த ஒரு விஷயத்தில் இப்படித்தான் கோட்டை விட்டோம்.

"அப்ப நான் கேஸ் போடணும் வடிவு. எனக்கு வேற வழி தெரியல."

"கேஸ் போட்டா அங்க பீரோவப் பாக்க ஆள் வருவாகளா?"

"வருவாக போல. கமிஷனர்னு ஒருத்தர் வந்து பாத்து எழுதுவாராம்."

"என் மக என்னக்கா செய்வா." வடிவு அழவில்லை, ஒட்டின பெட்டியை எடுத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். "பீரோ திரும்பினது அங்க யாருக்காவது தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியல. அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. கேக்க எனக்குப் பயமா இருக்கு. வருசத்துக்கு ஒரு தடவ வாரா, ஒரு நாள் இருக்கா, போயிருதா."

ராஜகனி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தாள். சிறுகுளத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று மூன்றாம் நாள் முடிவு செய்து, காராச்சேவு ஒரு கிலோ கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். யாராவது கேட்டால் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதால் பெண்ணைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தங்கமாரி வீட்டில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தாள். மாமியார் கோமதியம்மாள்தான் வாசலில் வத்தல் கிளறிக்கொண்டிருந்தாள், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல், பேர் சொன்னதும் எந்த ஊர் என்ன விவரம் என்று கேட்காமல் உள்ளே கூட்டிப் போனாள். பீரோ மேற்குச் சுவரோடு ஒட்டிச் சுவரைப் பார்த்து நிற்கும், கதவைத் திறக்க வழியிருக்காது, இத்தனை நாளாக அந்தப் பெண் தன் சேலையைக் கூட எடுக்க முடியாமல் என்ன பேச்சுக் கேட்டாளோ என்றுதான் ராஜகனி பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். பீரோ அப்படித்தான் நின்றது, முதுகு அறைக்கும் முகம் மேற்குக்குமாக. ஆனால் அதன் முகத்துக்கு எதிரே சுவர் இல்லை. பீரோ அளவுக்குச் சுவரை இடித்து, ஓரத்தைச் சிமெண்டு பூசி, நிலை வைத்து, அடுப்படிக்குத் திறப்பு விட்டிருந்தார்கள். அடுப்படியில் நின்றுகொண்டு பீரோவைத் திறக்கலாம்.

"பீரோ திரும்ப மாட்டேன்னுச்சு" என்றாள் கோமதியம்மாள். "நான் சுவர எடுத்துட்டேன்."

ராஜகனி அந்த நிலையைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பத்தில இருந்துக்கா தெரியும்?"

"அது திரும்பின அன்னைக்கே தெரியும். மேலக்கரிசல் பாத்திரக்கடைச் சங்கதி எட்டு மைல் தாண்டாதாக்கும்? எங்க வீட்டு ஆம்பளைக ரெண்டு பேருக்கும் மட்டும் தெரியாது. வாஸ்து சரியில்ல, அடுப்படிக்குக் காத்து வரணும்னேன், கொத்தனாரக் கூப்பிட்டு விட்டுட்டாக. ஆம்பளைகளுக்கு வாஸ்துன்னா போதும்." வத்தல் ஒட்டின கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு எங்கய்யா ஒரு பித்தள அண்டா குடுத்தாரு. அதுக்கு அஞ்சு வருசம் கடன் கட்டினாரு. அந்த அண்டா திரும்பல, எங்க அத்தைக்குத் தெரியாமப் போச்சு, வித்தியாசம் அம்புட்டுத்தான். எவ வீட்டுச் சீர் கையில காசு வச்சு வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்."

ராஜகனி திறப்பு வழியாக அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளையும் அப்படித்தான் தாயி. வேல முடிஞ்சா அடுப்படி வாசல்ல போயி மேற்கே பாத்துத்தான் உக்காருவா. எந்திரிச்சு இந்தப் பக்கம் வான்னு ஒரு நாள் அதட்டினேன், வந்தா, கொஞ்ச நேரத்துல பாத்தா மறுபடி அங்கதான் உக்காந்திருக்கா. பீரோவையும் அவளையும் நான் ஒண்ணாத்தான் வச்சிருக்கேன்."

அதற்குள் தங்கமாரி குடத்தோடு வந்துவிட்டாள். "பெரியம்மா!" என்று குடத்தை இறக்கி வைத்தவள், அடுத்த நொடியே முகம் வெளுத்து நின்றாள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. "உங்கம்மா காராச்சேவு குடுத்து விட்டா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ராஜகனி அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள்.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி கோர்ட்டு வராந்தாவில் அவளை எங்களில் நிறையப் பேர் பார்த்தோம். வக்கீல் பிராது எழுதி, டைப் அடித்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி வைத்துக் கொடுத்திருந்தார். பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், டீ வந்தது, ஆறியது, வேப்பம்பூ உதிர்ந்து காகிதத்தின் மேல் விழுந்தது, அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கடை போனால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, அண்ணன் வீட்டில் போய் நிற்பதை நினைத்தால் பயமாகவே இருந்தது. ஆனால் ஒருத்தி சுவரை இடித்து மறைத்து வைத்ததைத் தான் ஒரு கையெழுத்தில் இடித்துப்போட அவளுக்கு மனசு வரவில்லை.

"அம்மா, ஆபீஸ் மூடப் போறாங்க" என்றார் வக்கீல்.

"மூடட்டும் சார்" என்றாள் ராஜகனி.

வடிவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தேவையில்லை, கோர்ட்டு வராந்தாவில் நடந்தது ஊருக்கு வந்துசேர ராஜகனி நடந்து வருகிற நேரம் கூட ஆகாது. மறுநாள் காலையில் வடிவு வக்கீல் வீட்டு வாசலில் போய் நின்றாள். மூன்று வருஷம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள், முடிந்துவிட்டது என்றார். இனிமேல் யாரும் என்னைக் கேட்க முடியாதே என்றாள், முடியாது என்றார். நானாகக் கொடுக்கிறேன் என்றால்?

"நீயாக் கொடுக்கேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லும். செத்த பயிர் தளிர்த்த மாதிரி. ஆனா நீ எதுக்கும்மா போடணும்? உன்னை எவனும் ஒண்ணும் செய்ய முடியாது."

"அதான் சார் போடுதேன்" என்றாள் வடிவு.

கடையில் ராஜகனி மதுரைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய சரக்கைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். வடிவு காகிதத்தை அவள் முன்னால் வைத்தாள். பசை ஒட்டின விரலில் பேனா பிடித்ததால் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக, கோணலாக விழுந்திருந்தது.

"வடிவு, சீருக்குக் கையெழுத்து ஆகாதுன்ன."

"சீருக்குத்தான் ஆகாது. அந்தக் கடன் நேத்து அஞ்சு மணியோட போச்சுக்கா, கோர்ட்டே கைகழுவிருச்சு. இது நேத்து நீங்க வராந்தாவுல உக்காந்திருந்த கடன். இதுக்குப் போடலாம்."

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு வடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரக்கைப் பிரித்து வைக்கக் கூடமாட நின்றாள். சித்திரை முதல் தேதி மதுரைக்காரர்கள் வந்தார்கள், அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பின்கட்டுக் குடோன் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு சாவியை விட்டுவிட்டுப் போனார்கள். கடை பாதியாகிவிட்டது, ஆனால் கடை இருந்தது. கதிர்வேல்சாமி வேறு ஊரில் புது சோபா வாங்கிப் போட்டுக்கொண்டார், பழைய சோபா இன்றைக்கும் அவர் மில்லின் மூட்டைகளுக்கு நடுவில் மேற்கே பார்த்துத்தான் கிடக்கிறது, அவரைத் திருத்த எங்களால் முடியவில்லை.

வடிவு தீப்பெட்டி ஒட்டி ஒட்டிக் கட்டினாள். ஆடிக்கும் தீபாவளிக்கும் கொஞ்சம் அதிகம் கட்டினாள், காய்ச்சலில் படுத்த மாசம் கட்டவில்லை, அந்த மாசம் ராஜகனி கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. தவறாமல் ஒவ்வொரு தடவையும் காகிதத்தின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாள் வடிவு, பத்து ரூபாய் கொடுத்தாலும் போட்டாள், கையெழுத்துப் போட்டும் மகள் திரும்பி வரவில்லை என்பது தெரிந்த பிறகு ஊரில் மற்றவர்களும் மெல்லச் சீருக்குக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். இப்படியே அஞ்சு வருஷம் போனது.

கடைசிப் பணம் கட்டின அன்றைக்குக் காலையில், சிறுகுளத்தில் கோமதியம்மாள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே பீரோ சிமெண்டுத் தரையை இழுத்துக்கொண்டு திரும்பி அறையைப் பார்த்தது. அடுப்படித் திறப்பில் இப்போது பீரோவின் முதுகு. கோமதியம்மாள் அறைக்குள் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள், தாராளமாகத் திறந்தது. அடுப்படி வாசலில் தங்கமாரி அப்போதும் மேற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள், சத்தம் அவளுக்கும் கேட்டது, கண் நிறைந்திருந்தது, ஆனால் திரும்பவில்லை.

"பீரோ திரும்பிருச்சு, நீ இன்னும் அங்கனயே பாத்துக்கிட்டிருக்கியா" என்று அதட்டின கோமதியம்மாள், கட்டம் போட்ட சேலை ஒன்றை உருவி அவள் மடியில் போட்டாள். "எந்திரி. இதக் கட்டிக்கிட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போ. ஒரு நாள்ல ஓடி வராத. பத்து நாள் இருந்துட்டு வா, இங்க அடுப்பு ஒண்ணும் அணைஞ்சிராது." பன்னிரண்டு மணிப் பஸ் கண்டக்டரிடம் தகவலும் சொல்லிவிட்டாள்.

அந்தத் தகவலையும், கையெழுத்துக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு ராஜகனி வடிவு வீட்டுக்குப் போனாள். காகிதத்தை வடிவு கையில் கொடுத்து, கிழித்துப் போடு என்றாள். வடிவு கிழித்து அடுப்பில் போட்டாள். மகள் வருகிறாள் என்றதும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை, உலை வைத்தாள், இறக்கினாள், கருப்பட்டி இருக்கிறதா என்று தேடினாள். ராஜகனி உட்காரலாம் என்று அந்தக் குட்டை நாற்காலியை அடுப்பு இருக்கும் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். அவள் உட்காருவதற்குள் நாற்காலி தரையை இழுத்துக்கொண்டு போய்க் கிழக்கு வாசலைப் பார்த்து நின்றுகொண்டது.

ராஜகனி அதையே பார்த்தாள். சந்தையில் கையில் காசு வைத்து வாங்கின நாற்காலி. இந்த வீட்டில் யாருக்கும் ஒரு பைசாப் பாக்கி இல்லை.

"எம்புட்டு நாளா வடிவு?"

வடிவு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ போன மறுநாள்ல இருந்து. உங்க வீட்டுக்காரர் சாகறதுக்கு முந்தியே. நானும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன், பெறகு அது பாக்குற பக்கமே நானும் உக்காந்துக்கிட்டேன்."

ராஜகனி தரையிலேயே உட்கார்ந்து, கருப்பட்டியைத் தட்டிக் கொடுத்தாள். தெருக்கோடியில் இரண்டு மணிப் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் தங்கமாரி கட்டம் போட்ட சேலையில் வாசல்படி ஏறி, "எம்மா" என்று கூப்பிட்டாள். வடிவு கரண்டியோடு எழுந்து ஓடினாள்.

அவர்களுக்குப் பின்னால், யாரும் கை வைக்காமல், குட்டை நாற்காலி தரையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துத் திரும்பியது.

தெருவில் போன யாரோ நடந்துகொண்டே, "யார் வீட்டுல அடைஞ்சது?" என்று குரல் கொடுத்தார்கள். தாயும் மகளும் பதில் சொல்கிற நிலையில் இல்லை.

"வடிவு வீட்டுல" என்று உள்ளேயிருந்து சொன்ன ராஜகனி, கற்கண்டு இல்லாததால் ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.